பூனை மோந்த சம்பங்கி

தோட்டக்கலை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் நாலைந்து பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காபி குடித்தீர்கள், முறுக்கு டப்பாவைக் காலி செய்தீர்கள். எல்லாம் முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வியைப் போட்டீர்கள். "மேடம், கிழங்குப் பூக்களுக்கு எந்த இயற்கை ஊக்கி நல்லது? பஞ்சகவ்யாவா, மீன் அமிலமா, கடல்பாசிச் சாறா, முருங்கை இலைச் சாறா?"

செருப்பு மாட்டுகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு இரண்டு நாள் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எத்தனை மில்லி, எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை நாள் இடைவெளி என்றெல்லாம் இதில் தேடாதீர்கள். அது உங்கள் கையேட்டில் இருக்கிறது, கைபேசியிலும் இருக்கிறது. நான் எழுதப்போவது ஒரு பூனையைப் பற்றி. முகத்தைச் சுளிக்க வேண்டாம். நானும் அன்றைக்கு அப்படித்தான் சுளித்தேன், பிறகு அந்தப் பூனைக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று.

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் வேலம்மாளின் தோட்டம் இருந்தது. புருஷன் ராணுவத்தில். அவர் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிடுவார். தோட்டமும் கிணறும் மாமனார் பெயரில். அவரும் பழைய ராணுவக்காரர்தான், ஊரே அவரைப் பட்டாளத்தார் என்றுதான் சொல்லும். எழுபதைத் தாண்டியும் மீசையை முறுக்கி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் வாய்க்கால் வெட்டுவார். எதையும் தூக்கிப் போட மாட்டார். பழைய டயர், உடைந்த மண்வெட்டி, கிழிந்த சாக்கு எல்லாமே அவரிடம் மறுபடியும் பணியில் சேர்ந்துவிடும்.

அந்தத் தோட்டத்தில் தென்னை இருந்தது. தென்னைக்கு இடப்பக்கம் கிடந்த தரிசில் வேலம்மாள் சம்பங்கிக் கிழங்கு ஊன்றினாள். கிணற்றில் இருக்கிற தண்ணீர் ஒரு பயிருக்குத்தான் காணும். தென்னைக்குப் பாய்ந்தால் சம்பங்கிக்கு இல்லை, சம்பங்கிக்குப் பாய்ந்தால் தென்னை காயும். மருமகளும் மாமனாரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். காலைத் தண்ணீர் ஒரு வருஷத்துக்குச் சம்பங்கிக்கு. அதற்குள் பூவுக்கு நிலையான வாடிக்கை ஒன்று பிடிக்க வேண்டும். பிடித்தால் தண்ணீர் அவளுக்கே. பிடிக்காவிட்டால் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் பழையபடி தென்னைக்கு.

"வாக்கு மாற மாட்டேன் மேடம். ஆனா தேதியும் மாத்த மாட்டேன்" என்று பட்டாளத்தார் என்னிடமே சொன்னார்.

வேலம்மாளுக்கு அது வெறும் பூ இல்லை என்பதை நான் போன முதல் நாளே புரிந்துகொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் சொல்லி நடந்த ஒரே காரியம் அந்தச் சம்பங்கிதான். அவளே அப்படித்தான் சொன்னாள். "இதுல தோத்துட்டா பொறவு இந்த வீட்ல நான் வாயத் தொறக்க முடியாது மேடம்."

அந்த முதல் நாளில் இன்னொன்றும் நடந்தது. பாத்தியில் நாலு கதிர் பூத்திருந்தது. நான் தரம் பார்க்க வந்த அதிகாரி அல்லவா, ஒரு பூவைக் கிள்ளி மூக்குக்குக் கொண்டுபோனேன். வேலம்மாள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அய்யய்யோ, மோக்காதீக மேடம்! சாமிக்குப் போற பூவு!"

"இன்னும் யாரும் வாங்கவே இல்லையே, அதுக்குள்ள எந்தச் சாமிக்கு?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குத்தான். அங்க மாலைக்குப் போகணும்னுதான் கிழங்கே ஊனியிருக்கேன். நெனச்சு ஊனுனா அவுகளுக்குன்னு ஆயிப்போச்சுல்ல?"

சாமிக்குக் கட்டுகிற பூவை முன்னதாக யாரும் முகரக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். கட்டுகிறவர்கள்கூட மூச்சை ஒதுக்கிக்கொண்டுதான் கட்டுவார்கள். ஆனால் அது கடைக்கு வந்த பூவுக்கு. வேலம்மாள் அதைக் கிழங்கு வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஊர்ச் சாமியே மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டுப் பெருமாளுக்குக் கொடுத்தவள், அவளுக்குப் போகிற பூவுக்கு இத்தனை கட்டுக்காவலா என்று கேட்டேன்.

"அது அவுக. நாம நாமதான" என்றாள்.

இதற்கு மேல் என்ன பேச முடியும்? பூவின் தரத்தைச் சோதிக்கிற அதிகாரி பூவை முகரக் கூடாது என்ற நிபந்தனையோடு என் வேலை தொடங்கியது. கதிரின் நீளத்தைப் பார்த்தேன், இதழின் கனத்தைப் பார்த்தேன், பறித்து எவ்வளவு நேரம் வாடாமல் நிற்கிறது என்று பார்த்தேன். வாசனை என்ற இடத்தில் மட்டும் என் அறிக்கை காலியாகவே இருந்தது.

கிழங்கு நன்றாக இருந்தது, மண்தான் களைத்துப் போயிருந்தது. தொழு உரம் போடச் சொன்னேன். அதோடு மீன் அமிலமும் சொன்னேன். மீன் கழிவையும் வெல்லத்தையும் சேர்த்து டிரம்மில் ஊறப்போட்டு வடிக்கிற சாறு அது. தண்ணீரில் மிகக் கொஞ்சமாகக் கலந்து செடிக்குக் கொடுத்தால் வேர் சுறுசுறுப்பாகும், இலை தெளியும், கிழங்கு பருத்துக் கதிர் நீளும். ஊக்கி என்பது சாப்பாடு இல்லை, பசியைத் தூண்டுகிற ரசம் மாதிரி. சோறே போடாமல் ரசம் மட்டும் ஊற்றுகிறவர்கள் உங்களிடமும் வருவார்கள், அவர்களைத் தோட்டத்துக்கே போய்த் திட்டுங்கள்.

மீன் டிரம் வந்ததும் அந்த வீட்டில் ஒரு சின்ன யுத்தம் நடந்தது.

"மனுசன் கொழம்பு வச்சுத் திங்க வேண்டிய மீன மண்ணுல ஊத்துறதா?" என்றார் பட்டாளத்தார்.

"மாமா, அது தலையும் குடலும். திங்கறதுன்னா சொல்லுங்க, நாளைக்கே வைக்கேன்" என்றாள் வேலம்மாள்.

அதோடு அவர் வாய் மூடியது. ஆனால் நாய்கள் மூடவில்லை. எங்கள் ராஜபாளையம் நாய்களுக்கு வெளியூரில் பெரிய பெயர், ஆனால் மீன் டிரம்முக்கு முன்னால் எல்லா நாயும் ஒரே சாதிதான். தெருவே டிரம்மைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வேலம்மாள் மூடிக்கு மேல் ஒரு கெட்டிச் சாக்கைப் போர்த்தி, கயிற்றை வரிந்து கட்டி, மேலே கல்லும் வைத்தாள். அந்தச் சாக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூ வந்தது பாருங்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கதிர்கள் ராணுவ அணிவகுப்பு மாதிரி நிமிர்ந்து நின்றன. பட்டாளத்தாருக்கே அது பிடித்துப்போனது, காட்டிக்கொள்ளத்தான் இல்லை. விடியும் முன்னால் பறித்த பூ, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போய் இறங்கியும் இதழ் துவளாமல் இருந்தது. அங்கே மாலைக் கடை வைத்திருந்த ரெங்கசாமி அண்ணாச்சி ஒரு கூடைப் பூவைக் கட்டிப் பார்த்துவிட்டு, "தெனமும் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். வேலம்மாளுக்கு வாடிக்கை கிடைத்துவிட்டது. எனக்குப் போன் பண்ணிச் சொன்னபோது அவள் பேசினதில் பாதி அழுகை, பாதி சிரிப்பு. நானும் அலுவலகத்தில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

அப்போது ஆடி மாதம். ஆடிப்பூரம் நெருங்கிக்கொண்டிருந்தது, பூவுக்கு ஓயாத கிராக்கி. அந்த நேரத்தில் ஒரு காலை வேலம்மாளின் போன்.

"மேடம், பூவு வேண்டாம்னுட்டாக. எடுத்துட்டுப் போகச் சொல்லுதாக. மீன் நாத்தம் அடிக்குதாம். மீன் பூவாம். கடைத்தெரு பூராம் சொல்லிட்டாகளாம்."

அழவில்லை. குரல் வறண்டிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். பட்டாளத்தார் மண்வெட்டியோடு வாய்க்கால் மடையில் நின்றார். "வாடிக்கை போச்சு மேடம், இன்னையோட வருசமும் முடியுது. நாளைக்குக் காலைல தண்ணி தென்னைக்கு. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்" என்றார். வேலம்மாள் கதிர்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

என் கைக்கு எட்டுகிற தூரத்தில் பூ இருந்தது. ஒன்றைக் கிள்ளி முகர்ந்தால் ஒரே நொடியில் உண்மை தெரிந்துவிடும். வேலம்மாள் என் பக்கம் பார்க்கவும் இல்லை. கை போனது, நடுவில் நின்றது. பக்தியால் நின்றது என்று நினைத்துவிடாதீர்கள். முகர்ந்து பார்த்து மீன் வாசனை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? மீன் அமிலத்தைச் சிபாரிசு பண்ணினவள் நான். என் மூக்கு எனக்குச் சாதகமாகத்தான் பேசும் என்று பச்சைப் பிள்ளையும் சொல்லும். அதோடு, சாமிப் பூவை முகர்ந்தவள் என்ற பெயரும் சேரும். பிள்ளைகளே, நெருக்கடியில் முதலில் வருகிற ஆசை, நமக்கு நிம்மதி தருகிற சோதனையைச் செய்துவிடுவது. சந்தேகப்படுகிறவருக்கு எந்தச் சோதனை நிம்மதி தரும் என்று யோசிக்கச் செத்த நேரம் ஆகும். அந்தச் செத்த நேரத்தைத்தான் நமக்குச் சம்பளமாகக் கொடுக்கிறார்கள்.

"எந்திரி வேலம்மா. கடைக்குப் போவோம்" என்றேன்.

"நானும் வாரேன். முடிவு தெரிஞ்சிட்டா வாய்க்கால அடைச்சிரலாம்" என்று பட்டாளத்தாரும் கிளம்பினார். மூவரும் பஸ்ஸில் போனோம்.

வழியெல்லாம் எனக்குக் கோபம் கொதித்தது. எனக்குக் கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அன்றைக்கும் செய்தது. பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது பளிச்சென்று ஒன்று தோன்றியது. ரெங்கசாமி அண்ணாச்சி பரம்பரையாகச் சாமி மாலை கட்டுகிறவர். தன் கடைப் பூ எதுவும் மூக்குக்குப் போனதில்லை என்று பெருமை பேசுகிறவர். அப்படியானால் மீன் நாற்றம் அவருக்கு எப்படித் தெரிந்தது? முகர்ந்தேன் என்றால் பெருமை போச்சு. முகரவில்லை என்றால் புகார் போச்சு. இரண்டு பக்கமும் கதவைப் பூட்டிவிட்டேன். எனக்கே என்னைப் பார்த்துப் பிரமிப்பாக இருந்தது.

கடையில் நல்ல கூட்டம். நார் கிழிக்கிறவர்கள், பூ எடுக்கிறவர்கள், மாலைக்குக் காத்திருக்கிறவர்கள். வேலம்மாளின் பூச்சாக்கு ஒரு ஓரமாகத் தனியே கிடந்தது. நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, இந்தப் பூவுல மீன் நாத்தம்னு சொன்னீங்களாமே?"

"ஆமா மேடம்."

"நீங்க மோந்து பாத்தீங்களா?"

நார் கிழித்த கைகள் நின்றன. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அபச்சாரம். சாமிக்குக் கட்டுற பூவ நான் மோப்பேனா?"

"அப்போ நாத்தம்னு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு வேலம்மாளை வெற்றியோடு பார்த்தேன். ரெங்கசாமி அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. சாக்குப் பக்கம் விரலை நீட்டினார்.

"நான் மோக்கல மேடம். அவன் மோந்தான்."

சாக்குக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பூனை கண்ணை மூடி, சாக்கின் ஓரத்தை ஆசை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது.

கடையே கொல்லென்று சிரித்தது. பட்டாளத்தார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் பூட்டிய இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு பூனை நுழைந்து போய்விட்டது.

"எலிக்காக வளக்குறோம் மேடம்" என்று அண்ணாச்சி விளக்கினார். "நம்ம வீட்ல சைவம். அவனும் சைவம். பாலும் தயிர்ச்சோறும் பால்கோவாச் சட்டி சொரண்டலும்தான் அவனுக்கு. எம்புட்டுப் பூ வந்தாலும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். இன்னைக்கு விடியக்காலத்துல இருந்து இந்தச் சாக்க விட்டு எந்திரிக்க மாட்டேங்கான். பூ வாங்க வந்த அம்மா ஒருத்தவுக, செடிக்கு மீன் தண்ணி ஊத்துறாகளாம்லன்னு கேட்டாக. நான் என்னத்தச் சொல்ல?"

அந்த இடத்தில் என் நாக்கு நுனி வரை ஒரு பிரசங்கம் வந்துவிட்டது. மீன் புரதம் நொதிக்கும்போது எப்படி உடைகிறது, வேர் எதை உறிஞ்சும், எதை உறிஞ்சாது, பூவின் வாசனை செடிக்குள்ளேயே எப்படி உண்டாகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கடைசியில் அந்தக் கடையில் இருந்தவர்கள் ஒன்றைத்தான் நம்பியிருப்பார்கள், பூனை பொய் சொல்லாது என்பதை. யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பூனைக்கு இந்த வழக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. என்னைவிட நல்ல சாட்சி அதுதான்.

"சரி அண்ணாச்சி. ஒங்க சாட்சியவே கேட்டுருவோம். ஆனா கேள்விய நான் பிரிச்சுக் கேக்கேன்" என்றேன்.

இரண்டு வாழை இலை வாங்கினேன். ஒன்றில் வேலம்மாளின் பூவைக் கொட்டச் சொன்னேன். மற்றதில் வேறு ஊரிலிருந்து வந்த சம்பங்கி. காலிச் சாக்கை எதிர்ச் சுவரோரம் போட்டோம். அண்ணாச்சியே பூனையைத் தூக்கி நடுவில் விட்டார்.

அது உட்கார்ந்தது. முன்னங்காலை நக்கியது. பிறகு பின்னங்காலை நக்கியது. கூட்டம் சேர்ந்துவிட்டது. பால்கோவா வாங்க வந்தவர்கள், கோர்ட்டுக்குப் போகிற வழியில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வேலம்மாள் சேலை முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துத் தண்ணீரும் அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் இருக்கிற மதிப்பும் அந்தப் பூனையின் நாலு காலில் நின்றன. அதுவோ கொட்டாவி விட்டது. நான் எத்தனையோ பெரிய அதிகாரிகளின் கையெழுத்துக்குக் காத்திருந்திருக்கிறேன், இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை.

கடைசியில் எழுந்தது. வேலம்மாளின் பூ இலைப் பக்கம் வந்தது. வேலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பூனை இலையை ஒட்டியே நடந்தது, நின்றது, பூவைத் தாண்டிக் குறுக்கே போய்ச் சாக்கின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அடுத்த நொடி நக்க ஆரம்பித்தது.

"பூவத் திரும்பிக்கூடப் பாக்கல!" என்று யாரோ கத்தினார்கள்.

வேலம்மாள் கண்ணைத் திறந்தாள். பூனையைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாக்கின் ஓரத்தை இழுத்து நிமிர்த்தினாள். வட்டமாக ஒரு கயிற்றுத் தடம்.

"இது என் டிரம்முல கட்டிருந்த சாக்குல்ல! வடிச்ச பொறவு வேலியில காயப் போட்டிருந்தேன். நான் கூடையிலதான போடுவேன். இதுல பூவ அள்ளுனது யாரு?"

பட்டாளத்தார் தொண்டையைச் செருமினார். மீசையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இன்னைக்குப் பூவு கூடைக்கு மிஞ்சிருச்சு. கெட்டியான சாக்கு, வேலியில சும்மா கெடந்துச்சு. அலசிட்டுத்தான் போட்டேன்."

"எத்தன தண்ணியில மாமா அலசுனீக?"

"ஒரு தண்ணியில."

இப்போது யார் சிரித்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மாமனாருக்கு எதையும் வீணாக்கக் கூடாது, அதுவும் கூடை கொள்ளாத பூ அன்றைக்கு. அவளுடைய பூ நன்றாக வந்ததுதான் இத்தனைக்கும் காரணம்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ரெங்கசாமி அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் வந்தார். பூவில் நாற்றம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். அவர் குரலில் வீம்பு இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"ஆனா மேடம், செடிக்கு மீன் ஊத்துனது ஊத்துனதுதான? பூரத்துக்கு மாலை வாங்க வர்றவுக கேப்பாக. இல்லன்னு பொய் சொல்ல எனக்கு வாய் வராது."

வேலம்மாள் விடவில்லை. "இத்தன நாளா சாணி போட்டு வளத்த பூவத்தான கட்டுனீக அண்ணாச்சி?"

"அது கோமாதா, ஆத்தா. அதுவும் இதுவும் ஒண்ணா?"

இதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பூனையின் தீர்ப்பு கையில் இருந்தது, கூட்டமும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் ஜெயித்துவிடலாம். ஜெயித்துவிட்டு, மறுநாள் அவர் வேறு ஊர்ப் பூ வாங்கிக்கொண்டால் என்ன செய்வது? அவர் விற்பது பூ இல்லை, வாங்குகிறவர்களின் நிம்மதி. நம் கையேட்டில் ஊக்கியைப் பற்றி எழுதியிருக்கிறது, பூ எந்தக் கழுத்துக்குப் போகிறது என்று எழுதியிருக்கவில்லை. செடிக்குச் சரியான மருந்து, மாலைக்குத் தவறாக இருக்கலாம். அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

முடிவை வேலம்மாளிடம் விட்டேன். "மீன் போட்டா கதிர் நீளும். முருங்கை இலைச் சாறும் கடல்பாசியும் போட்டா கொஞ்சம் குறைச்சலா இருக்கலாம், நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "முருங்கைன்னா ஆண்டாளே ஒண்ணும் சொல்ல மாட்டாக. டிரம்ம இன்னைக்கே கழுவிருதேன் அண்ணாச்சி. என் பூவுக்கு இனிமே மீன் கெடையாது. யார் கேட்டாலும் தைரியமாச் சொல்லுங்க."

"கடல்பாசின்னீகளே மேடம், அதுவும் கடல்ல இருந்துதான வருது?" என்று அண்ணாச்சி சந்தேகத்தோடு கேட்டார்.

மறுநாள் ஒரு பாட்டில் கடல்பாசிச் சாற்றைக் கடைக்கே கொண்டுபோனேன். வேறு யாரிடம் கேட்பது? மூடியைத் திறந்து கீழே வைத்தோம். பூனை வந்தது, முகர்ந்தது, ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போய்விட்டது. அண்ணாச்சி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நம் துறையில் இவ்வளவு சீக்கிரம் எந்த அனுமதியும் எனக்குக் கிடைத்ததில்லை.

கதிர் கொஞ்சம் சிறுத்தது உண்மை. மறைக்க மாட்டேன். ஆனால் வாடிக்கை சிறுக்கவில்லை. பூரத்துக்கு வேலம்மாளின் பூ மாலையாகப் போனது. தண்ணீர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் பட்டாளத்தார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் வந்து இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"தென்னை எங்கயும் ஓடிப் போயிராது மேடம். காலைத் தண்ணி அவளுக்கே இருக்கட்டும்."

அடுத்த வாரம் நான் போனபோது வேலியில் வெள்ளைத் துணிப் பைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவரே தைத்தது. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில், ராணுவப் பெட்டிகளில் எழுதியிருக்குமே அதே கட்டை எழுத்தில், "பூ மட்டும்" என்று எழுதியிருந்தார். புது விஷயம் எதையும் ஏற்காதவர் என்று அவரை நினைத்திருந்தேன். மனுஷர் ஒழுங்கு தெரிந்தவர், எது ஒழுங்கு என்று நாங்கள்தான் அவருக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறோம். சாக்கில் எதைப் போட வேண்டும், எதைப் போடக் கூடாது என்று டிரம் வைத்த அன்றைக்கே சொல்லியிருந்தால் பூனைக்கு அன்று வேலையே இருந்திருக்காது.

ஆக, எந்த ஊக்கி நல்லது? பூ எங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு டிரம் யார் வீட்டில், சாக்கு யார் கையில் என்று பாருங்கள். அப்புறம் கையேட்டைத் திறக்கலாம். செருப்பு மாட்டும்போது கேட்ட கேள்விக்கு இவ்வளவு பெரிய பதிலா என்று முணுமுணுக்காதீர்கள், முறுக்கை நான் சும்மா கொடுக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். சால்வை, சுவர்க் கடிகாரம், என் கோபத்தைப் பற்றி எல்லோரும் நாசூக்காகப் பேசிய பேச்சு எல்லாம் முடிந்தபோது வேலம்மாள் உள்ளே வந்தாள். பின்னாலேயே பட்டாளத்தார், கழுத்துவரை பொத்தான் போட்டு, கையில் வெள்ளைப் பையோடு. பையிலிருந்து வேலம்மாள் ஒரு மாலையை எடுத்தாள். தண்டியான சம்பங்கி மாலை. ரெங்கசாமி அண்ணாச்சி கட்டிக் கொடுத்ததாம்.

என் கழுத்தில் போட்டாள். நான் பழக்கத்தில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டேன். அத்தனை வருஷமாக அந்தப் பாத்திக்குள் அப்படித்தான் நடந்திருக்கிறேன். அவள் என் தாடையைப் பிடித்து மெதுவாகப் பூவின் பக்கம் திருப்பினாள்.

"இது சாமிக்கு இல்ல மேடம். ஒங்களுக்குன்னு நெனச்சு ஊனுன பாத்தியில பறிச்சது. நல்லா மோந்துக்கோங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பூவின் நீளம் தெரியும், கனம் தெரியும், எப்போது வாடும் என்றுகூடத் தெரியும். வாசனை தெரியாது. குனிந்து, மாலைக்குள் மூக்கைப் புதைத்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அறிக்கையில் காலியாகக் கிடந்த இடத்துக்காக மறுபடியும் ஒரு தடவை முகர்ந்தேன்.

"எப்படி இருக்கு மேடம்?" என்று வேலம்மாள் கேட்டாள்.

என் கண்ணீரைப் பார்த்துப் பதறிப்போய், பின்னால் நின்ற பட்டாளத்தார் அவசரமாக முந்திக்கொண்டார்.

"பை புதுசு மேடம். நேத்துத்தான் தச்சேன்."